பூட்ஸ் பாய்

மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது அவரைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். காது நன்றாகவே கேட்கும். கூப்பிட்டவர் முதலாளியாக இருந்தாலும் சரி, டீ கொண்டுவந்தவராக இருந்தாலும் சரி, முதலில் கைப்பிடியில் இருக்கும் ஸ்விட்சை அணைப்பார். முன்னால் இருக்கும் தகடு ஆடி அடங்கும் வரை அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு சுவர் வரைக்கும் நடந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கி, தன் கண்ணில் படுகிற மாதிரி தரையில் வைப்பார். இவ்வளவும் ஆன பிறகுதான் நம் பக்கம் திரும்பி, மூக்கை மறைத்துக் கட்டிய துண்டைக் கீழே இறக்கி, "இன்னா தம்பி?" என்பார். அதற்குள் கூப்பிட்ட விஷயமே எனக்கு மறந்துபோயிருக்கும். ஒன்றுமில்லை பாய் என்றால் கோபித்துக்கொள்ளவும் மாட்டார். துண்டை ஏற்றிக் கட்டி, அதே நடையில் சுவருக்குப் போய், எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, பிஸ்மில்லா சொல்லி மெஷினை ஓட்ட ஆரம்பிப்பார். பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்குத்தான் பொறுமை போய்விடும்.

கல்பாக்கத்தில் குவார்ட்டர்ஸ் வரிசை வரிசையாக எழும்பிக்கொண்டிருந்த எழுபதுகளில், புதுப்பட்டினத்தில் ஒரு தரை காண்டிராக்டரிடம் நான் குமாஸ்தாவாக இருந்தேன். மொசைக் போடுவது, பாலிஷ் பிடிப்பது, பழைய தரையைப் பெயர்ப்பது எல்லாம் எங்கள் வேலை. பெயர்க்கிற வேலைக்கென்று முதலாளி ஒரு கரண்ட் மெஷின் வைத்திருந்தார். மெட்ராஸ் துறைமுகத்துப் பக்கம் ஏலத்தில் எடுத்த பழைய சாமான். சீமையில் அதற்கு என்ன பெயரோ, நாங்கள் வைத்த பெயர் சுரண்டி. முன்பக்கம் ஒரு முழ அகலத்துக்குத் தகடு, நடுவில் மோட்டார், பின்பக்கம் இரும்புக் கைப்பிடி. மோட்டார் ஓடினால் தகடு வெடவெடவென்று அதிர்ந்துகொண்டே தரையில் ஒட்டியிருக்கும் ரப்பர் ஷீட்டுக்கு அடியில் புகுந்து, தோசையைத் திருப்புகிற மாதிரி அதைப் பெயர்த்துக்கொண்டே போகும்.

அந்த நாளில் கையில் கொஞ்சம் வசதி சேர்ந்தவர்கள் சிமெண்ட் தரை மேல் ரப்பர் ஷீட் ஒட்டிக்கொள்வார்கள். பூப்போட்டது, கட்டம் போட்டது என்று விதவிதமாக வரும். மெட்ராஸில் அது எப்படி உழைத்ததோ தெரியாது, எங்கள் பக்கத்து உப்புக் காற்றுக்கு ஒரு வருஷம் தாங்கினாலே பெரிய விஷயம். ஓரம் தூக்கும். நடுவில் கொப்புளம் கட்டும். மழை பிடித்துக்கொண்டால் அடியிலிருந்து ஒரு வாடை வரும் பாருங்கள், சாப்பாடு இறங்காது. மகாபலிபுரத்து லாட்ஜ்காரர்களிலிருந்து திருக்கழுக்குன்றத்து வாத்தியார்கள் வரை எல்லோரும் ஷீட்டைப் பிடுங்கிவிட்டு மொசைக்குக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். அதனால் பாய்க்கும் சுரண்டிக்கும் ஓய்வே கிடையாது.

அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, ஓரம் நரைத்த தாடி. புதுப்பட்டினத்திலேயே பிறந்து வளர்ந்தவர். வேலை நேரத்தில் கைலி கட்ட மாட்டார், தகட்டில் மாட்டி இழுத்துவிடும் என்று. காக்கி அரை நிஜார்தான். அதற்குக் கீழே முழங்கால் வரைக்கும் கறுப்பு ரப்பர் பூட்ஸ். தாடி வைத்த மனிதர் அரை நிஜாரும் பூட்ஸுமாக ஒரு வீட்டு ஹாலில் நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். டீக்கடையில் பையன்கள் வைத்த பெயர்தான் பூட்ஸ் பாய். அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்துத் தெருவிலேயே ஆளுக்குத் தெரியாது.

சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. நம் பக்கம் ஒரு வீட்டுக்குள் கால் செருப்போடு நுழைவது என்றால் அது எப்பேர்ப்பட்ட காரியம்! சண்டை போட வந்தவன்கூட வாசலில் செருப்பை விட்டுவிட்டுத்தான் சண்டை போடுவான். இந்த மனிதர் பூஜை அறை இருக்கிற வீட்டில், குழந்தை தவழ்கிற வீட்டில், பூட்ஸைப் போட்டுக்கொண்டு நடந்தார். அந்தப் பூட்ஸ் தெருவை மிதித்ததே இல்லை என்பது எனக்குத் தெரியும். தெருவுக்கு வேறு செருப்பு வைத்திருந்தார். பூட்ஸை ஒரு துணிப்பையில் போட்டுக் கையில் எடுத்து வருவார். வாசலில் செருப்பை விட்டு, காலைக் கழுவி, நிலைப்படியைத் தாண்டி உள்ளே போன பிறகுதான் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொள்வார். சாயங்காலம் வீட்டில் அவருடைய மகள் சோப்புப் போட்டுக் கழுவிக் கவிழ்த்து வைப்பாள். நம் உள்ளங்காலைவிட அந்தப் பூட்ஸின் அடி சுத்தமாக இருந்தது. ஆனால் இதையெல்லாம் வீட்டுக்காரர்களுக்கு யார் போய் விளக்குவது? பூட்ஸ் என்றால் பூட்ஸ்தானே.

புகார் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். திருக்கழுக்குன்றத்தில் ஒரு வாத்தியார் வீட்டம்மா, உங்க ஆள் போன பிறகு வீட்டை மூன்று தரம் கழுவினேன், இடுப்பு போயிற்று என்று பஸ் ஏறி வந்து சொல்லிவிட்டுப் போனார். ஒரு டாக்டர், இவர் என்ன மிலிட்டரியா என்று கேட்டார். நான் பாயைக் கூப்பிட்டு, ஒரு பத்து நிமிஷ வேலைக்காவது கழற்றக் கூடாதா என்பேன். பத்து நிமிஷத்துக்கு மெஷினில் கரண்ட் வராமல் இருக்குமா என்று அவர் திருப்பிக் கேட்பார். குரலில் எகத்தாளம் இருக்காது. நிஜமாகவே என்னிடம் பதில் எதிர்பார்க்கிற மாதிரி கேட்பார். அதுதான் எரிச்சல்.

மகாபலிபுரத்தில் வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற ஒரு லாட்ஜில் நடந்ததைச் சொல்ல வேண்டும். சுவரில் இருந்த பாயிண்டுக்கு எங்கள் பிளக் பொருந்தவில்லை. லாட்ஜ் ஆள் ஒருவர் சர்வ சாதாரணமாகப் பிளக்கை அறுத்து எறியச் சொன்னார். வயர் நுனியைச் சீவி ஓட்டையில் செருகி, விழாமல் இருக்க ஓட்டைக்கொரு தீக்குச்சி அடைத்தால் போதும் என்றார். அந்தக் காலத்தில் பாதி ஊர் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. பாய் கேபிளைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு போய் வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார். மேனேஜர் வந்து, எங்கள் ஃபேனெல்லாம் வருஷக் கணக்காக இப்படித்தான் ஓடுகிறது, உனக்கு மட்டும் என்ன கேடு என்று சத்தம் போட்டார்.

"ஃபேன கையில புடிச்சிகினா நிக்கறீங்க?" என்றார் பாய்.

வேறு பிளக் கிடைத்து வருவதற்குள் அரை நாள் போய்விட்டது. முதலாளி என்னைத்தான் திட்டினார்.

இப்படி ஒருவர் இருந்தால் அதற்குப் பின்னால் ஏதாவது கதை இருக்கும் என்று நாம் நினைப்போம் அல்லவா? நானும் நினைத்தேன். அண்ணனுக்கோ தம்பிக்கோ கரண்ட் அடித்திருக்கும், கண்ணால் பார்த்திருப்பார், அந்தப் பயம் என்று நானாக ஒன்றைக் கட்டிக்கொண்டு, ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் மெதுவாக விசாரித்தேன். அவர் மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே யோசித்துப் பார்த்தார்.

"அப்டி ஒண்ணும் ஆவல தம்பி. யாருக்கும் ஒண்ணும் ஆவாமதான் கீது. அத்த அப்டியே வெச்சிகினு போவலாமேன்னுதான்."

எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

அவர் குடியிருந்த தெருவிலேயே நானும் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அதனால் வீட்டிலும் அவர் இப்படித்தான் என்பது எனக்குத் தெரியும். பல்பு மாற்ற வேண்டும் என்றால் மெயினை அணைத்தால் போதாது. ஃபீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் ஸ்டூல் மேல் ஏறுவார். பக்கத்து வீட்டில் பல்பு மாற்றினாலும் அவர் சட்டைப் பையில்தான் அவர்கள் ஃபீஸ் கட்டை இருக்கும். ஒரு தரம் பக்கத்து வீட்டுக் கட்டையைத் திருப்பிக் கொடுக்க மறந்து, அதோடேயே செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார். அவர்கள் சாயங்காலம் வரைக்கும் விசிறி மட்டையோடு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள்.

அவருக்கு ஒரே மகள். தாய் இல்லாமல் வளர்ந்த பெண். அவளுக்கு இருபத்து நான்கு வயது ஆகியும் கல்யாணம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது அந்தத் தெருவில் எல்லோருக்கும் ஒரு பேச்சு. பெண்ணிடம் குறை சொல்ல எதுவும் இல்லை. வாய் துடுக்கு, கை சுறுசுறுப்பு, நோன்பு மாதத்தில் எனக்கும் ஒரு தூக்கில் கஞ்சி அனுப்பி வைக்கிற மனசு. சம்பந்தம் பேசி வைக்கிறவர்கள்தான், அப்பன் ஒரு மாதிரி, எதற்கும் வளைந்து கொடுக்க மாட்டான் என்று சொல்லி வைத்துவிடுவார்கள். ஒரு தரம் பொழுது சாய்ந்த வேளையில் பெண் பார்க்க வந்திருந்தார்கள். ஃபேன் சுற்றாமல் நின்றது. வந்தவர்களில் ஒருவர் உரிமையோடு ஸ்டூலில் ஏறி றெக்கையைத் தட்டப் போனார். பாய் நேரே போய் ஃபீஸ் கட்டையைப் பிடுங்கிவிட்டார். அந்த நேரம் பார்த்துப் பெண் தட்டில் டீ எடுத்து வந்துகொண்டிருந்தாள். இருட்டில் தட்டு யார் மடியிலோ கவிழ்ந்தது. அந்தச் சம்பந்தமும் அதோடு கவிழ்ந்தது. அவள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். பாய் மட்டும் சிரிக்க மாட்டார், எழுந்து வெளியே போய்விடுவார்.

கடைசியில் செங்கல்பட்டில் ஒரு நல்ல இடம் அமைந்தது. ஜவுளிக்கடைக் குடும்பம். பையன் கடையில் அப்பாவுக்கு ஒத்தாசையாக இருந்தான், அமைதியான சுபாவம். நிச்சயம் முடிந்து, நோன்புப் பெருநாள் கழித்துக் கல்யாணம் என்று பேசியாகிவிட்டது. ஃபீஸ் கட்டைக் கதையை யாரோ மாப்பிள்ளை வீட்டிலும் வேண்டுமென்றே போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை கேட்டுவிட்டு, அப்படியானால் மாமனார் வீட்டுக்குப் போகும்போது டார்ச் லைட் எடுத்துக்கொண்டு போகிறேன் என்றானாம். இதை அவனுடைய தங்கை சொல்லி இவளுக்குத் தெரிந்தது. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். எனக்கே ஒரு தங்கைக்கு வரன் அமைந்த மாதிரி நிம்மதியாக இருந்தது.

மாப்பிள்ளை வீட்டு ஹாலில்தான் கல்யாணம். அங்கேயும் ரப்பர் ஷீட், அங்கேயும் கொப்புளம். கல்யாணத்துக்குள் அதை எடுத்துவிட்டு மொசைக் போட வேண்டும் என்று மாப்பிள்ளையின் தகப்பனார் எங்கள் முதலாளியிடமே வந்தார். சுரண்டியை ஓட்ட பாயைத் தவிர வேறு ஆள் கிடையாது. பெண்ணைக் கொடுக்கிற வீட்டுக்குப் பெண்ணின் அப்பா கூலி வேலைக்குப் போவதா என்று தெருவில் கேட்டார்கள். அதில் பாய்க்கு ஒரு கூச்சமும் இல்லை. என் மக நடக்கப் போற தரை, நானே எடுத்துத் தரேன் என்றார். முதலாளிக்குத்தான் பயம். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நீயும் கூடப் போ, எப்படியாவது அன்றைக்கு ஒரு நாளாவது அந்தப் பூட்ஸைக் கழற்ற வை என்றார். போகிற வழியில் பஸ்ஸில் நான் என்னால் ஆன மட்டும் சொல்லிப் பார்த்தேன். பெண்ணுக்காக என்றேன். இந்த ஒரு தடவை என்றேன். அவர் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தார்.

அந்த வீட்டில் மூத்தவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர், ஊரே ஹாஜியார் என்று எழுந்து நிற்கும். அவர் சொன்னதற்கு மறுபேச்சு அந்த வீட்டில் கிடையாது. அவர் கெட்டவரும் இல்லை. எங்களை வாசலுக்கு வந்து வரவேற்றார், நாஸ்தா சாப்பிட வைத்தார். பாய் ஹாலுக்குள் போய்ப் பையைத் திறந்து பூட்ஸை எடுத்து மாட்டியதும்தான் அவர் முகம் மாறியது. வியாழக்கிழமை தோறும் ஓதுகிற ஹால் இது, ஐந்து வேளை தொழுகிற இடம், பெரியவர்கள் காலத்திலிருந்து ஒரு செருப்பு இந்த நிலைப்படியைத் தாண்டியதில்லை என்றார். பாய் மரியாதையாகவே பதில் சொன்னார். இது தெரு மிதிக்காத பூட்ஸ் என்று அடியைத் திருப்பிக் காட்டினார். கழற்றச் சொன்னால் கழற்றிவிடுகிறேன், ஆனால் கழற்றினால் மெஷினை ஓட்ட மாட்டேன் என்றார். ஹாஜியாருக்கு அது மிரட்டலாகப் பட்டிருக்க வேண்டும்.

அவர் தம்பி, அதாவது மாப்பிள்ளையின் தகப்பனார், இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பாயின் கையைப் பிடித்து வராந்தாவுக்கு அழைத்து வந்தேன். இங்கே நான் கெஞ்சிக்கொண்டிருந்த நேரத்தில் உள்ளே காரியம் வேறு மாதிரி போய்விட்டது.

பெயர்த்த பிறகு மொசைக் போடுவதற்காக எங்கள் மேஸ்திரியும் ஆட்களும் லாரியில் மெஷினோடு முன்பே வந்திருந்தார்கள். அவர்கள் பாலிஷ் பிடித்துப் பழகியவர்கள். பாலிஷ் மெஷினுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கல் தேய்ந்து புழுதி கிளம்பும். தண்ணீர் இல்லாமல் தரையில் ஒரு மெஷினை ஓட்டுவது அவர்களுக்குக் கனவிலும் வராது. சும்மா நிற்கிற நேரத்தில் பழக்க தோஷத்தில் மேஸ்திரி நாலு வாளித் தண்ணீரை ஹால் முழுக்க ஊற்றிவிட்டார். பசையும் ஊறும், புழுதியும் அடங்கும் என்று ஹாஜியாரிடம் சொல்லியும் விட்டார். மாப்பிள்ளைக்கு எப்படியாவது சண்டை வராமல் இருந்தால் போதும். மாமா உட்காரட்டும், நானே ஓட்டிவிடுகிறேன், பூட்ஸுக்கும் வேலையில்லை பாருங்கள் என்று பெரியப்பாவிடம் சொல்லி, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு அந்தத் தண்ணீரில் இறங்கிவிட்டான். மேஸ்திரி பிளக்கைச் சுவரில் செருகிவிட்டார். கேபிள் ஈரத்தில் கிடந்தது. மாப்பிள்ளை ஒரு கையில் இரும்புக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் ஸ்விட்ச் எங்கே என்று தடவிக்கொண்டிருந்தான்.

திறந்திருந்த கதவு வழியாக அதைப் பார்த்ததும் பாய் என் கையை உதறிவிட்டு ஓடியது எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பூட்ஸோடு ஹாலுக்குள் பாய்ந்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி, மெஷினின் முதுகிலிருந்து கேபிளையும் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். தண்ணீர் தெறித்து ஹாஜியாரின் வெள்ளை ஜிப்பாவெல்லாம் அழுக்கானது.

ஹாஜியார் குரலை உயர்த்தவில்லை. ஜிப்பாவைத் துடைக்கவும் இல்லை.

"பாய், கேபிள வெச்சிட்டு, பூட்ஸ கழட்டிட்டு வெளிய போய் உக்காருங்க. வேலைய எங்க புள்ள பாத்துக்குவான். இல்லன்னா இந்த சம்பந்தம் இன்னியோட முடிஞ்சிபோச்சு."

புதுப்பட்டினத்தில் ஒரு பெண் டார்ச் லைட்டை நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். கழற்றித் தொலையுங்கள் பாய் என்று எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. அவர் தலையைக் குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். கழற்றத்தான் போகிறார் என்று நான் நினைத்தேன்.

"சம்பந்தம் போனா இன்னொண்ணு வரும், வராமயும் பூடும். அது அல்லா வுட்ட வழி" என்றார். "மாப்ள வெறுங்காலோட ஈரத்துல நின்னுகினு கீறாரு. அவரு மவுத்தா பூட்டா, எம்பொண்ணுக்கு அவர நா எங்க போயி தேடறது?"

சொல்லிவிட்டு எல்லோருக்கும் பொதுவாக ஒரு சலாம் வைத்தார். கேபிளைத் தோளில் போட்டபடியே நடந்து வராந்தாவைத் தாண்டி வெளி நடைக்குப் போய்விட்டார். பூட்ஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, தெருச் செருப்பைத் தேட ஆரம்பித்தார். வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. அவருடையது கண்ணெதிரிலேயே கிடந்தது. அவருக்குத் தெரியவில்லை.

அப்போது ஹாலின் உள்பக்கத் திரை விலகியது. மாப்பிள்ளையின் அம்மா வெளியே வந்தார். காலையிலிருந்து அவர் குரலைக்கூட நாங்கள் கேட்டிருக்கவில்லை. கணவரின் அண்ணன் நிற்கிற இடத்துக்கு அந்த வீட்டுப் பெண்கள் வருகிற வழக்கமே கிடையாது. முக்காட்டை நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டு, ஹாஜியாரைக் கடந்து, அந்தத் தண்ணீரைக் கடந்து நேரே வாசலுக்கு வந்தார். குனிந்து அந்தக் குவியலிலிருந்து மகனுடைய ரப்பர் செருப்பைக் கையில் எடுத்தார். இரண்டு கையிலும் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். ஓதுகிற ஹாலில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, மகன் காலடியில் வைத்தார்.

"போட்டுக்கோ" என்றார்.

அவன் பெரியப்பாவைப் பார்த்தான். அந்தம்மா மறுபடியும் சொன்னார். அவன் போட்டுக்கொண்டான். மூத்தவரிடம் நேரே பேசுவது முறையில்லை என்பதால் அந்தம்மா மகன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார், ஆனால் வாசல் வரைக்கும் கேட்டது.

"தரைய நா கழுவிக்கறேன்னு பெரியவருகிட்ட சொல்லு. ஈரம் எப்ப காயும்னு அந்த பாய்கிட்ட கேளு."

ஹாஜியார் ரொம்ப நேரம் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தொப்பியைச் சரி செய்துகொண்டு மதியத்து லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசல் கிளம்பிவிட்டார். போகும்போது வாசலில் நின்ற பாயைப் பார்க்கவில்லை. திரும்பி வந்தபோதும் பார்க்கவில்லை. தம்பியைக் கூப்பிட்டு, "அவருக்கு சோறு போட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். போதாதா? தம்பிக்காரர் முகத்தில் அப்போதுதான் ரத்தம் வந்தது. இலை போடச் சொல்லிச் சமையல்கட்டுக்கு அவரே ஓடினார்.

ஈரம் நன்றாகக் காய்வதற்குள் பொழுது சாயத் தொடங்கிவிட்டது. பாய் கையால் தரையைத் தடவித் தடவிப் பார்த்தார். ஷீட் ஓரத்தில் ஓர் ஆணி துருத்திக்கொண்டிருந்ததை அடித்து இறக்கினார். வாசல் நிலைக்குக் குறுக்கே கயிறு கட்டி, மாப்பிள்ளை உட்பட அத்தனை பேரையும் வெளியே நிறுத்தினார். பூட்ஸை மாட்டினார், துண்டைக் கட்டினார், பிஸ்மில்லா சொன்னார். ரப்பர் ஷீட் சுருள் சுருளாகப் பெயர்ந்து வந்தது. ஹாஜியார் வராந்தாவில் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு தரம் பாயைக் கூப்பிட்டு, டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். பாய் ஸ்விட்சை அணைத்து, தகடு நிற்கும் வரை நின்று, சுவர் வரை நடந்து பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் ஹாஜியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ் கிடைத்தது. நான் சந்தோஷத்தில் இருந்தேன். ஜெயித்துவிட்டீர்கள் பாய், அந்த ஹாஜியாரையே அசைத்துவிட்டீர்களே என்று வழி நெடுகப் பேசிக்கொண்டு வந்தேன். அவர் முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு நிறுத்தத்தில் பஸ் நின்றது. அப்போதும் அவர் கம்பியை விடவில்லை.

"பொண்ணு வாசல்லயே நின்னுகினு இருக்கும் தம்பி" என்றார். "மாமியா வூட்ல இன்னா சோறு போட்டாங்கன்னு கேக்கும். சம்பந்தத்த வுட்டுட்டு வந்துட்டேன்னு எந்த வாயால சொல்லியிருப்பேன்?"

அதான் விடவில்லையே பாய், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதே என்றேன்.

அவர் தலையை ஆட்டினார்.

"வுட்டுட்டேன் தம்பி. அந்தம்மாதான் எடுத்துக் குடுத்தாங்க."

திருக்கழுக்குன்றம் தாண்டும் வரைக்கும் அவர் என் பக்கம் திரும்பவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.